கூலி எவ்வளவு கேட்பது?

விலையைச் சொல்லி, எதிரில் நிற்பவர் சரியென்று தலையாட்டிய பிறகே சாவியை மெஷினில் மாட்டுங்கள். சாவிக் கடை வாசலில் நடக்கும் வாக்குவாதங்களில் முக்கால்வாசி, வேலையை முடித்துவிட்டு விலை சொல்வதால் வருபவை. சாதாரண சாவி இரண்டு நிமிடத்தில் தயாராகிவிடும். அந்த இரண்டு நிமிடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு ஐம்பது ரூபாய் என்றால், ‘இத்துனூண்டு பித்தளைக்கா?’ என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். அதே ஐம்பதை முன்னால் சொல்லியிருந்தால் அவர் யோசித்து முடிவெடுத்திருப்பார். வேண்டாமென்றால் நமக்கும் ஒரு பிளாங்க், அதாவது வெட்டாத சாவி, மிச்சம்.

அந்த ஐம்பது ரூபாய்க்குள் என்ன இருக்கிறது என்று நமக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்புவார். அது தடையில்லாமல் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் காசு கொடுத்திருக்கிறார். திரும்பாவிட்டால் மறுபடி பஸ் ஏறி வருவார், நாம் இன்னொரு பிளாங்க் எடுத்து இலவசமாகப் போட்டுக் கொடுப்போம். அந்தச் செலவும் முதல் சாவியின் விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். ‘திறக்கலைன்னா எடுத்துட்டு வாங்க, காசு கிடையாது’ என்று தைரியமாகச் சொல்லும் அளவுக்கு உங்கள் விலை இருக்கட்டும். அதற்கும் கீழே இறங்கி விற்பவர் திரும்பி வருகிறவரிடம் எரிந்துவிழுவார்.

ஒரு நாள் கடை திறந்தால் என்ன செலவு

காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள தொகைகள் கணக்குப் புரிவதற்காக நான் போட்டவை. உங்கள் ஊருக்கும் கடைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மாத வாடகை 4,000 ரூபாய். கரண்ட் 500. கட்டர், பிரஷ், பெல்ட் தேய்மானத்துக்கு 500. போன், டீ, சில்லறை 500. உங்கள் சம்பளம் 18,000. மொத்தம் 23,500. மாதத்தில் 26 நாள் கடை திறந்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 904 ரூபாய்.

சம்பளத்தை எழுதும்போது கை தயங்கும். எல்லாச் செலவும் போக மிஞ்சுவதுதான் நம் சம்பளம் என்று பழகிவிட்டோம். முதல் ஆறு வருடம் நானும் அப்படித்தான் கடை நடத்தினேன். கல்லாவில் தினமும் பணம் புரளும். மாதக் கடைசியில் பிளாங்க் வாங்க மைத்துனரிடம் போய் நிற்பேன். வாடகையைப் போலச் சம்பளத்தையும் செலவில் எழுத ஆரம்பித்த பிறகுதான், நான் நஷ்டத்தில் சாவி போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

இனி, ஒரு நாளைக்கு முப்பது சாவி போடுகிறீர்கள் என்றால் ஒரு சாவியின் தலையில் 30 ரூபாய் விழுகிறது. பிளாங்க் 12 ரூபாய். இருபதுக்கு ஒன்று பாழாகும் என்று வைத்தால் நல்ல சாவி ஒன்றுக்குப் பிளாங்க் செலவு 12 ரூபாய் 63 பைசா. ஆக 43 ரூபாய். ஐம்பதுக்குப் போட்டால் ஏழு ரூபாய் கையில் நிற்கும். நாளைக்குப் பதினைந்து சாவிதான் என்றால் அதே சாவி 73 ரூபாய் அடக்கமாகிறது. ஆனால் அடுத்த தெருவில் ஐம்பதுக்குப் போடுகிறார்கள். நீங்கள் எண்பது கேட்டால் யாரும் வரமாட்டார்கள்.

புதிதாகக் கடை போடுபவர் தடுக்கி விழும் இடம் இதுதான். சாதாரண வீட்டுச் சாவிக்கு விலை வைப்பது சந்தை. அதை அந்த விலைக்கே போடுங்கள். அது ஆட்களைக் கடைக்குக் கொண்டுவரும் வேலை. வாடகையைக் கட்டப் போவது பீரோ, கார், குழிகுழியான கம்ப்யூட்டர் சாவி, வீட்டுக்குப் போய்ச் செய்யும் வேலை ஆகியவை. தினமும் அப்படி இரண்டு வேலைகூட இல்லாத இடத்தில் சாவி மெஷினை மட்டும் நம்பி உட்காராதீர்கள். பூட்டு விற்பனையோ, குடை, பை ஜிப் ரிப்பேரோ கூட இருக்கட்டும்.

போணி நேரத்தில் வருகிறவரை வெறுங்கையோடு அனுப்ப நமக்கு மனம் வராது. அவருக்காகக் கொஞ்சம் இறங்கலாம். எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு மட்டும் இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள்.

பிளாங்க்கைப் பார்த்து விலை

பித்தளைச் சாவி மெஷினில் வெண்ணெய் போல வெட்டும், கட்டரைக் காயப்படுத்தாது. விழும் தூளைத் தட்டில் சேர்த்துவைத்தால் எடைக்குப் போட்டுக் காசாக்கலாம். அதன் குறை, சீக்கிரம் தேயும். நிக்கல் பூசியது கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும். ஸ்டீல் பிளாங்க் வாங்கும்போது மலிவாகத் தெரியும், ஆனால் கட்டரின் பல்லைத் தின்றுவிடும். கட்டருக்கு ஆகும் செலவை அந்தச் சாவியின் விலையில் ஏற்றாவிட்டால் நஷ்டம் மாதக் கடைசியில்தான் தெரியும். கலர் கலராக வரும் அலுமினியச் சாவியை நான் வாசல் கதவுக்குப் போட்டுக் கொடுப்பதில்லை. வளையும், பூட்டுக்குள் முறியும். முறிந்த துண்டை எடுக்க நாம்தான் போகவேண்டும்.

பலகையில் தொங்கும் பிளாங்க்குகள் எல்லாம் ஒரே வேகத்தில் போவதில்லை. பத்து வகை தினமும் போகும். மீதி நூற்றுக்கணக்கானவை தூசி படிந்து மாதக்கணக்கில் தொங்கும். தொங்கும் ஒவ்வொன்றும் முடங்கிய பணம். அடிக்கடி போகும் பிளாங்க்குக்கு வாங்கிய விலையோடு கூலியைச் சேர்த்தால் போதும். வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் கேட்கப்படும் பிளாங்க்குக்கு வாங்கிய விலையின் மூன்று மடங்கை வைத்து, அதற்கு மேல் கூலி சேர்க்கிறேன். ஊரெல்லாம் அலைந்து கடைசியில் நம் பலகையில் அதைக் கண்டுபிடித்தவர் இதற்குச் சங்கடப்படுவதில்லை.

ஒரே சாவியில் இரண்டு கேட்டால் இரண்டாவதற்குக் குறைத்துக் கொடுங்கள். காரணம் நியாயமானது. நம் நேரம் போவது வெட்டுவதில் அல்ல, சரியான பிளாங்க்கைத் தேடி, வரிப்பள்ளம் இடதா வலதா என்று ஒப்பிட்டு, இடுக்கியில் தோள் ஒட்டி மாட்டுவதில். இரண்டாவது சாவிக்கு அந்தத் தேடல் கிடையாது. ஹாஸ்டல், அபார்ட்மென்ட் என்று நூறு சாவி மொத்தமாக வந்தாலும் கூலியில் குறையுங்கள். பிளாங்க்கின் தரத்தில் குறைக்க வேண்டாம், நூறும் ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிடும்.

குழிகுழியாக இருக்கும் டிம்பிள் சாவியை நம் பக்கத்தில் கம்ப்யூட்டர் சாவி என்கிறார்கள். அதைப் பக்கவாட்டில் வெட்டும் மெஷினில் போட முடியாது. செங்குத்தாக இறங்கும் ஊசிக் கட்டரும், அதற்கு ஜோடியாக மூலச் சாவியின் குழியைத் தடவிப் பார்க்கும் ஊசியும் உள்ள தனி மெஷின் வேண்டும். அந்தக் கட்டர் சட்டென்று ஒடியும், பிளாங்க்கும் விலை அதிகம். வீட்டுச் சாவியைப் போல மூன்று நான்கு மடங்கு கேட்கும்போது வாடிக்கையாளர் முகம் சுருங்கும். மெஷினை அவருக்குக் காட்டுங்கள். நான் பேசிப் புரியவைத்ததைவிட அந்த ஊசியைக் காட்டிப் புரியவைத்ததே அதிகம்.

தேய்ந்த சாவி, காப்பியின் காப்பி

‘இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே’ என்று ஒருவர் நீட்டும் சாவி மூலச் சாவியா, ஏற்கெனவே எங்கேயோ போட்ட டூப்ளிகேட்டா என்று பாருங்கள். விலை அதைப் பொறுத்து மாறும்.

1860களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற ‘பின்’ (pin) பூட்டின் தத்துவம்தான் இன்றைக்கும் நம் கதவுகளில் இருக்கிறது. சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒரு பின்னைக் குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கவேண்டும். எல்லாப் பின்களும் ஒரே கோட்டில் நின்றால்தான் உருளை திரும்பும். அந்தக் கோடு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு அளவு: அமெரிக்க ஷ்லேக் பூட்டில் ஒரு வெட்டின் ஆழத்துக்கும் அடுத்த ஆழத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். காப்பி ஒன்றுக்கு 0.05 மில்லிமீட்டர் ஒரே பக்கமாகப் பிசகினால் மூன்றாம் தலைமுறைக் காப்பியில் 0.15 ஆகிவிடும். இடுக்கியில் ஒரு பித்தளைத் துகள் மாட்டியிருந்தாலே அந்த 0.05 பிசகிவிடும்.

ஆகவே மூலச் சாவி வீட்டில் இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். இல்லையென்றால், தேய்ந்த சாவியை அப்படியே மெஷினில் ஓட்டித் தராதீர்கள். கேஜ் வைத்து ஒவ்வொரு வெட்டையும் அளந்து, அது முதலில் எந்த ஆழமாக இருந்திருக்கும் என்று கணித்து, அந்த ஆழத்துக்கு வெட்டவேண்டும். இது வேறு வேலை, இதற்கு வேறு கூலி. ‘மெஷினில் போட்டால் ஐம்பது, ஆனால் திறக்குமென்று சொல்ல முடியாது. அளந்து போட்டால் நூற்றைம்பது, திறக்கும்’ என்று இரண்டையும் சொல்லிவிட்டால் முடிவு அவருடையது.

இன்னொன்று. சாவி தகராறு என்று வருகிறவற்றில் நிறைய, பூட்டின் தகராறு. நம் வீடுகளில் பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். முதல் வாரம் நன்றாகத் திரும்பும். பிறகு எண்ணெயில் தூசி சேர்ந்து பின்கள் பசையாக ஒட்டிக்கொள்ளும். புதிதாகப் போட்ட சாவி திறக்கவில்லை என்று வந்தால், பூட்டையும் கொண்டுவரச் சொல்லி, கழுவி, கிராஃபைட் தூள் போட்டுத் திருப்பிப் பாருங்கள். இதற்கு நான் காசு வாங்குவதில்லை. நான் போட்ட சாவி சரியாகத்தான் இருந்தது என்று அவர் கண்ணால் பார்ப்பதே எனக்குப் போதும்.

சாவி இல்லாமல் பூட்டு மட்டும் வந்தால்

இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன: திறப்பது ஒன்று, சாவி செய்வது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சிலருக்குத் திறந்தால் போதும், பூட்டை மாற்றிவிடப் போகிறார்கள்.

சாவி செய்ய, பிளாங்க்கின் பளபளப்பை எடுத்துவிட்டுப் பூட்டுக்குள் விட்டு அழுத்தித் திருப்பிப் பார்த்தால், பின் இடிக்கும் இடத்தில் ஊசிமுனை அளவு புள்ளி விழும். அங்கே மட்டும் ஒரு இழுப்பு அராவி, மறுபடி விட்டுப் பார்த்து, மறுபடி அராவவேண்டும். இருபது நிமிடத்தில் முடியலாம், ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். இதற்கு மணிக்கூலி தெரிந்திருக்க வேண்டும். முன் போட்ட கணக்கில் ஒரு நாள் செலவு 904. எட்டு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் மணிக்கு 113. ஆனால் நாளில் பாதி நேரம் நாம் வேலையில்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஆக இரட்டிப்பு, 226. அதை 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூட்டு எவ்வளவு நேரம் இழுக்கும் என்று அனுபவத்தில் தெரியும். அதை இந்தக் கூலியால் பெருக்கி, வேலைக்கு ஒரே தொகையாகச் சொல்லுங்கள்.

திண்டுக்கல் பூட்டு வந்தால் கணக்கு மாறும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டு கைவேலை. லீவர்களை ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனியாக அராவிப் பொருத்தியிருப்பார்கள். பலகையில் அதற்குப் பிளாங்க் தொங்காது, கட்டிப் பித்தளையிலோ இரும்பிலோ அச்சும் தாடையும் நாமே செதுக்கவேண்டும். கோயில் கதவிலிருந்தோ தாத்தா காலத்துப் பெட்டியிலிருந்தோ கழற்றிக் கொண்டுவருவார்கள். அரைநாள் கூலி கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். அந்த வேலை தெரிந்த கை ஊருக்கு ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கிறது. மலிவாகச் செய்தால் கற்றுக்கொள்ள ஒரு பையனும் வரமாட்டான். எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த வேலை அதுதான், அதற்காகவே அதன் விலையை இறக்காமல் வைத்திருக்கிறேன்.

தொழில் கைவந்த பிறகு வேறொரு சிக்கல் வரும். ஆரம்பத்தில் ஒரு பீரோவைத் திறக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். வேர்த்து விறுவிறுத்துத் திறந்ததும் காபி கொடுத்து, கேட்டதற்கு மேல் இருபது ரூபாய் வைத்துக் கொடுப்பார்கள். இப்போது நாலு நிமிடம். ‘நாலு நிமிஷத்துக்கு இவ்வளவா?’ என்கிறார்கள். இதற்குப் பயந்து வேண்டுமென்றே அரை மணி நேரம் குடைந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ‘திறக்கக் கூலி இவ்வளவு. நாலு நிமிஷம் ஆனாலும் நாப்பது நிமிஷம் ஆனாலும் இதேதான். கீறல் இல்லாமல் திறந்து தருகிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கீறல் இல்லாமல் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள், அவருக்கு அதுதான் முக்கியம். துளை போட்டுத்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், டிரில்லைக் கையில் எடுக்கும் முன் நிறுத்தி, ஏன் என்று காட்டி, புதுப் பூட்டின் விலையையும் சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கூப்பிட்டால்

போனிலேயே மூன்று கேள்வி: என்ன பூட்டு, எந்தக் கதவு, நீங்கள் வீட்டுக்காரரா? போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். பிறகு இரண்டு தொகை சொல்லுங்கள்: வந்து பார்க்கும் கூலி, திறக்கும் கூலி. நாம் போய்ச் சேர்வதற்குள் சாவி சோபா இடுக்கில் கிடைத்துவிடுவது சர்வசாதாரணம். வந்து பார்க்கும் கூலி தனியாகப் பேசப்படாவிட்டால் பெட்ரோலும் கடையை மூடிய நேரமும் நம் கைச்செலவு. போக, வேலை செய்ய, திரும்ப ஒன்றரை மணி நேரம் என்றால் 375, பெட்ரோல் 40, ஆக 415. இதற்குக் குறைந்து வெளி வேலைக்குக் கிளம்பவேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் நான் இரட்டிப்பு வாங்குகிறேன், போனிலேயே சொல்லிவிடுவேன்.

ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன். ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பெண் போன் செய்தார். இரண்டு வயதுக் குழந்தை படுக்கையறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டுவிட்டது. நான் பழக்கத்தில் இரவுக் கூலியைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்தப் பக்கத்தில் அழுகை. பேச்சை நிறுத்திவிட்டு வண்டியை எடுத்தேன். கதவைத் திறந்தபோது குழந்தை தரையில் உட்கார்ந்து செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் எவ்வளவோ நீட்டினார்கள், பகல் கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். உள்ளே குழந்தை, நோயாளி, எரியும் அடுப்பு என்றால் போனில் விலை பேசாமல் கிளம்புங்கள், பகல் விலையை வாங்குங்கள். பயந்துபோனவரிடம் பேரம் பேசவே கூடாது. அவரால் மறுக்க முடியாது.

கார், பைக்

பைக் சாவி பெரும்பாலும் வீட்டுச் சாவிக் கணக்குதான். சில ஸ்கூட்டர்களில் துவாரத்தை மூடும் தகட்டைத் திறக்கச் சாவித் தலையில் காந்தம் இருக்கும், அந்த பிளாங்க்குக்கு மட்டும் விலை கூடும்.

கார் சாவியில் விலையை மூன்றாகப் பிரியுங்கள்: சிப்போடு சேர்ந்த சாவி, வெட்டும் கூலி, புரோகிராம் செய்யும் கூலி. சிப்புக்குப் பேட்டரி கிடையாது. இக்னிஷனைச் சுற்றியுள்ள சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அலையில் அதற்குச் சக்தி கொடுத்து அடையாளம் கேட்கும். பதில் சரியில்லை என்றால் சாவி திரும்பும், ஆனால் எஞ்சின் ஓடாது. புது சிப்பை வண்டிக்கு அறிமுகப்படுத்தும் கருவிக்கும் அதன் அப்டேட்டுக்கும் நாம் போட்ட பணம் கார் வேலைகளிலிருந்துதான் திரும்ப வரவேண்டும். வருடத்துக்கு எத்தனை கார் சாவி போடுகிறோம் என்று எண்ணி அந்தத் தொகையைப் பகிருங்கள். ஒரு சாவியாவது கையில் இருக்கும் வண்டிக்கு ஒரு விலை, எல்லாச் சாவியும் தொலைந்த வண்டிக்கு அதைவிடக் கூடுதல் விலை. ஆரம்பிக்கும் முன் வண்டியின் பேட்டரியை அளந்து பாருங்கள். பாதியில் மின்னழுத்தம் விழுந்து வேலை கெட்டால் அந்தச் செலவை எந்தக் கூலியும் ஈடுகட்டாது. ஆர்.சி. புத்தகம், அடையாள அட்டை இல்லாமல் தொடவே வேண்டாம்.

வாங்கக் கூடாத காசு

பேரம் பேசாமல் இரண்டு மடங்கு தருகிறேன் என்பவரைக் கவனியுங்கள். சாவிக்கு ஐம்பது ரூபாயே அதிகம் என்று நினைக்கும் ஊர் இது. சோப்பில் எடுத்த அச்சு, போனில் எடுத்த சாவிப் படம், வங்கி லாக்கர் சாவி, யார் வீடு என்று கேட்டால் எரிச்சல்படும் ஆள் - இவற்றுக்கு விலையே சொல்லாதீர்கள். அதிக விலை சொல்லித் துரத்திவிடலாம் என்று நினைப்பதும் தவறு. சில சமயம் அவர் ஒத்துக்கொண்டுவிடுவார். ‘இது நான் செய்றதில்லை தம்பி’ என்று முடித்துவிடுங்கள். வெளி வேலைக்குப் போகும்போது, கூப்பிட்டவர் அந்த வீட்டுக்காரர்தானா என்று பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தையும் உங்கள் கூலிக்குள் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

பலகையும் விலையேற்றமும்

கடையில் ஒரு பலகை மாட்டுங்கள்: வீட்டுச் சாவி, கம்ப்யூட்டர் சாவி, பீரோ திறக்க, வீட்டுக்கு வர. நான்கு வரி போதும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி வரும் வெளியூர்க்காரருக்கும் எதிர்வீட்டு அம்மாவுக்கும் அதே பலகைதான்.

வருடத்துக்கு ஒரு முறை, தை பிறந்த கையோடு, மேலே போட்ட ஒரு நாள் செலவுக் கணக்கை மறுபடி போடுங்கள். வாடகை ஏறியிருக்கும், பித்தளை ஏறியிருக்கும். ஏற்றவேண்டியதைப் பத்து ரூபாய்க் கணக்கில் ஒரே தடவையாக ஏற்றுங்கள். மாதாமாதம் இரண்டு, மூன்று என்று ஏற்றினால் வருகிறவருக்கு நம்மேல் சந்தேகம் வரும். மாதம் தவறாமல் வரும் ஹவுஸ் ஓனர், ஹாஸ்டல் வார்டன் போன்றவர்களிடம் பத்து நாள் முன்னாலேயே வாயால் சொல்லிவிடுங்கள். பழைய பலகையைத் தூக்கிப் போடவேண்டாம். அதன் பின்பக்கத்தில் அந்த வருடத்து பிளாங்க் விலை, வாடகை, ஒரு நாளைக்குப் போட்ட சாவிகளின் எண்ணிக்கை மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த தையில் கணக்குப் போட உட்காரும்போது அதைத்தான் முதலில் எடுப்பீர்கள்.